குதிரை கேட்கும் பிள்ளையும் குதிரை அறியாத கரையும்

கல்முனைக் கரைப் பிள்ளைகள் குதிரையை முதலில் காதால்தான் அறிகிறார்கள். குர்ஆன் மத்ரஸாவில் சின்னச் சூறாக்களைப் பாடமாக்கும் வயதிலேயே, மூச்சிரைக்க ஓடும் குதிரைகளோடு தொடங்கும் ஆதியாத் சூறா அவர்கள் வாயில் வந்துவிடுகிறது. கண்ணால் காண்பது பிறகு. பாடசாலைச் சுற்றுலா நுவரெலியாவுக்குப் போகும்போது கிரகறி வாவிக் கரையிலோ பந்தயத் திடலை அண்டியோ காசு கொடுத்து ஒரு சுற்று ஏறி இறங்குவார்கள். பஸ் ஊர் வந்து சேர்ந்த கிழமையே வீட்டில் நச்சரிப்பு ஆரம்பமாகும். "வாப்பா, நாமளும் ஒரு குதிர வாங்குவமா?" வழக்கமான மறுமொழியும் தயாராக இருக்கும்: "வாங்கி எங்க மகன் கட்டுற?"

சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மறுமொழி நியாயமாகவே படும். ஆனால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் வயலும் வளவும் உள்ள குடும்பங்கள் குறைவில்லை. கட்ட இடம் கிடைத்துவிடும். வசதி உள்ளவர்களுக்கு விலையும் பெரிய தடையாக இராது. குதிரையின் வயிற்றையும் குளம்பையும் அறிந்த ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறாரா என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது. தமிழ்க் கரைகளில் குதிரை தோற்ற வரலாறும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

கடல்வழிக் குதிரை வியாபாரம் இந்தப் பகுதிக்குப் புதியதல்ல. அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழரும் கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகனின் மக்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. அது கிறிஸ்துவுக்கு முந்திய காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் எதிர்க்கரையில் பாண்டியர்கள் வாங்கிய குதிரைகளின் தொகையோ மலைக்க வைப்பது. ஹோர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து அறபு, பாரசீக வணிகர்கள் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். காயல்பட்டினக் கரை அந்த வியாபாரத்தால் கொழித்தது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் கொடுக்கப்பட்டதாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். வியாபாரத்தின் பெரும் பங்கு கீஷ் தீவின் ஜமாலுத்தீன் கையில் இருந்தது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராகவே இருந்தார்.

இத்தனை குதிரையும் என்ன ஆயின? அதே காலத்தில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடியும்போது மிஞ்சுவது 100கூட இல்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் எல்லாம் செத்துப்போகின்றன. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடித்து, நோய் பார்க்கும் கைவினைஞர்கள் அந்த நாட்டுக்குப் போகாதபடி வணிகர்களே தடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி! வஸ்ஸாப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: வறுத்த தானியத்தையும் நெய்யில் வெந்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பாலையும் குடிக்கக் கொடுத்தார்களாம். இவர்கள் சொல்லும் எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே குறையைச் சுட்டுவதைத் தள்ளிவிட முடியாது. பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினார்கள், அறிவு கப்பலைவிட்டு இறங்கவில்லை.

சோறும் வெந்த தானியமும் ஏன் கொல்லும்? குதிரை புல்லுக்கென்றே படைக்கப்பட்ட பிராணி. மாட்டைப்போல நாலு அறை வயிறும் அசைபோடும் பழக்கமும் அதற்கு இல்லை. உடம்பு பெரிது, இரைப்பை சின்னது. 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். அதனால் ஒரே நேரத்தில் நிறையத் தின்னாமல், ஒரு நாளில் பதினான்கு, பதினாறு மணித்தியாலம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் பின்குடலில் புளித்து, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். தின்றதை வாந்தியெடுத்து வெளியே தள்ளவும் அதனால் முடியாது. வயிற்றுவலி வந்த குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் நிலத்தைச் சுரண்டும், படுத்து உருளும், சாணம் போடாது. இந்த நாலையும் ஒரு பிள்ளை தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பாடம் படித்த மாதிரி. மிச்சப் பாதி, கண்டவுடன் ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்வது.

அளவு எளிது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் ஒரு நாளைக்கு வேண்டும். பிள்ளைகள் ஏறும் மட்டக்குதிரை 250 கிலோ என்று வைத்தால், தினமும் 5 கிலோ வரை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கிலோ. நல்ல காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாக விற்கும் கடை அம்பாறைக் கரையில் எங்கே? இங்கு மலிந்து கிடப்பது வைக்கோலும் தவிடும்தான். ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வைக்கோல் மாட்டுக்குச் சரி. குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் சத்தும் கிடைக்காது, குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். தவிட்டின் கதை இன்னும் மோசம். நெல் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாளியில் தவிடு கரைத்து வைப்பது வழக்கம். குதிரையும் அதை ஆசையாகத்தான் தின்னும். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே நம்பிய குதிரையின் உடம்பு, குறையும் கல்சியத்தை எலும்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். கடைசியில் முகவெலும்பு வீங்கித் தலை பெருத்துவிடும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அடிக்கடி வந்ததால் ஆலைக்காரர் நோய் என்றே பெயர் வைத்தார்கள். நெல் ஆலை மூலைக்கு மூலை இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடைக்காது.

பச்சைப்புல் என்று பார்த்தால், இலங்கைப் பால்பண்ணையாளர்கள் விரும்பி நடுவது கோயம்புத்தூரில் உருவான கோ-3 நேப்பியர். அந்த இனப் புற்களில் உள்ள ஒக்சலேற்றும் கல்சியத்தைப் பிடித்துவைத்துக் கொள்வதுதான். மாடு சமாளித்துக்கொள்ளும், குதிரை சமாளிக்காது. எனவே பல வகைப் புல் கலந்த மேய்ச்சல் தரையும், கல்சியம் சேர்ந்த தாதுக்கலவையும், நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டியும் வேண்டும்.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கோழித்தீனிகளில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது மருந்து, குதிரைக்கு நஞ்சு. ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் உள்ளே போனாலே இதயத் தசை சிதைந்து சாகக்கூடும். மூட்டையை வாய் திறந்து வைத்துவிட்டு ஒரு வேளை மறந்தால் போதும்.

பிறகு மணல். இந்தக் கரையின் வளவுகளில் தோண்டத் தோண்ட அதுதான் வரும். நிலத்தில் போட்ட புல்லைப் பொறுக்கும் குதிரை, அதோடு சேர்த்து மணலையும் விழுங்குகிறது. அது பெருங்குடலில் படிந்து, ஒரு நாள் கடும் வயிற்றுவலியாக வெளிப்படும். இதைச் சோதிக்கப் பிள்ளைகளே போதும்: சூடாறாத சாணத்தில் நாலைந்து உருண்டையை, நிலத்தைத் தொடாத மேல்பக்கமாக எடுத்து, பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். நார் மிதக்கும், பொடி கலங்கும். கால் மணித்தியாலம் கழித்து அடியில் வெள்ளை வெள்ளையாக மணல் தங்கினால், தீனி வைக்கும் இடத்தை அன்றைக்கே மாற்ற வேண்டும். தொட்டியிலோ ரப்பர் விரிப்பின்மேலோ வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் மண் படிவு காட்டும் அதே சோதனைதான் இது. சாணத்தைத் தொட முகம் சுளிக்கும் பிள்ளைக்குக் குதிரை இன்னும் தூரம் என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

தண்ணீர் மட்டக்குதிரைக்குச் சாதாரண நாளில் 12 முதல் 15 லீற்றர். கச்சான் காற்று வீசும் கோடையில் இரு மடங்கு. பெரிய குதிரைக்கு இந்தக் கணக்கே இரட்டிப்பாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனதை ஊர் மறக்கவில்லை. குதிரைக்கோ தண்ணீரில் நுணுக்கம் அதிகம். உவர்ப்பு பட்டால் வாயை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். குறையக் குடித்த நாளில் சாணம் இறுகும், வயிற்றுவலி தேடி வரும்.

குளம்பு நகம் மாதிரி வளர்வது. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை தெரிந்தவர் வந்து வெட்டிச் சீராக்க வேண்டும். மணலிலும் புல்லிலும் மட்டும் நடக்கும் மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் லாடம்கூடத் தேவைப்படாது. ஆனால் அடிக்குளம்பை நாளாந்தம் துப்புரவாக்குவது கட்டாயம். காலைத் தூக்கிப் பிடித்து, கொக்கிபோல் வளைந்த கருவியால் குதிப்பக்கமிருந்து நுனியை நோக்கிச் சுரண்ட வேண்டும். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெதுவான பகுதியைக் குத்திவிடக்கூடாது. மார்கழி மழையில் வளவெல்லாம் தண்ணீர் நிற்கும் காலத்தில் அந்த முக்கோணத்தின் ஓரங்கள் அழுகிக் கறுத்து, கூடாத நாற்றம் அடிக்கும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே உயர்த்திய, காய்ந்த தரையுள்ள கொட்டில் போடாதவர்களுக்குக் குதிரை வளர்ப்பு சரிப்படாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கொரு தடவை பல் பார்க்க வேண்டும். ஏர்ப்புவலிக்குத் தடுப்பூசி தவறக்கூடாது, குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் தொற்றும். பூச்சிமருந்து வைத்தியர் சொன்னபடி. ஓய்வாக நிற்கும் வயது வந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை அண்டி. தாடையின் அடியில் விரலை வைத்து நாடியை எண்ணப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எண்ணியதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், வைத்தியர் வரும்போது அதுவே பேசும்.

பாதுகாப்பில் ஊர்ப்பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பான் ஆட்டை இழுத்துத் திரியும் சிறுவர்கள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். ஆடு வெருண்டால் முழங்கை சிராய்க்கும். 250 கிலோ குதிரை வெருண்டால் விரலே போய்விடும், அல்லது தெருவெல்லாம் இழுபட வேண்டியதுதான். கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும், ஒருபோதும் சுற்றக்கூடாது. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் கண் தெரியாது. ஆகவே பேசிக்கொண்டே தோள்பக்கமாக நெருங்க வேண்டும். தின்னக் கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டும். செருப்போடு கிட்டப் போகக்கூடாது, மூடிய சப்பாத்து வேண்டும். ஏறும்போது தாடைப்பட்டியுடன் கூடிய குதிரையேற்றத் தலைக்கவசம். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அதற்கென்று செய்ததல்ல. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் குதிரையோடு தனியே நிற்கக்கூடாது, எத்தனை சாதுவான குதிரையானாலும் சரி.

இன்னும் இரண்டு சங்கதி பெரியவர்களுக்கு. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியே கட்டினால் மனம் வாடும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஓர் ஆடாவது துணைக்கு வேண்டும். அடுத்தது ஆயுள். நன்றாகப் பார்த்தால் 25, 30 ஆண்டு வாழும். பத்து வயதில் குதிரை கேட்ட பிள்ளை ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கட்டாருக்கோ சவூதிக்கோ போய், கல்யாணம் முடித்து வரும்போதும் அது கொட்டிலில் நின்றுகொண்டிருக்கும். பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை மத்ரஸாவில் எல்லாப் பிள்ளையும் கேட்டிருக்கிறது. நாட்டுச் சட்டம் அந்தளவு கடுமை காட்டவில்லை. 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் விதித்த தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா.

இனி ஆள். இலங்கையில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றுதான். அங்கிருந்து வந்து கிழக்கின் கால்நடை வைத்திய அலுவலகங்களில் கடமையாற்றுபவர்களின் நாள் மாட்டிலும் ஆட்டிலும் கோழியிலும் முடிந்துவிடுகிறது. குதிரையோடு பழகிய கைகள் கொழும்பில் பொலிஸ் குதிரைப்படையைச் சுற்றியும், நுவரெலியாவில் பந்தயத் திடலைச் சுற்றியும்தான் இருக்கின்றன. குளம்பு வெட்டுபவர் ஆறு கிழமைக்கொருமுறை மலைநாட்டிலிருந்து கல்முனைக்கு இறங்கி வருவாரா? வராவிட்டால் மார்க்கோ போலோ கண்டதுதான் திரும்ப நடக்கும். தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடித் திருவிழாவோடு கூடும் குதிரைச் சந்தைக்குக் குதிரையோடு குதிரையறிந்த மனிதரும் சேர்ந்து வருகிறார்கள். அங்கு வாங்குபவர் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே இன்றைய நிலையில் இந்தக் கரையில் ஒரு பிள்ளைக்கென்று ஒரு குதிரை வாங்குவது வேண்டாத வேலை. பிள்ளை குதிரையை அறிய வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. இங்கிலாந்தில் 1929இல் தொடங்கிய போனி கிளப் பிள்ளைகளுக்கு ஏறக் கற்பிப்பதோடு நிற்காமல், தீனி, குளம்பு, கொட்டில் எல்லாவற்றிலும் படிப்படியாகத் தேர்வு வைக்கிறது. சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் குதிரைப் பயிற்சி நிலையங்கள் வழியாக அதில் சேரலாம். நாலைந்து குடும்பங்கள் கூடி, சம்மாந்துறைப் பக்கம் மேய்ச்சல் தரையோடு இரண்டு மட்டக்குதிரையும், சம்பளத்துக்கு ஒரு பயிற்றப்பட்ட ஆளும் வைத்தால் அந்த வழி இங்கும் நடக்கும். ஆளைப் பிறகு பார்ப்போம் என்று குதிரையை முதலில் வாங்கினால் நடக்காது.

அதுவரைக்கும் பார்க்கக் கிடைப்பவை உண்டு. குறிகட்டுவானில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படும் மட்டக்குதிரைகள் அங்கு கட்டற்றுத் திரிகின்றன. ஒல்லாந்தர் கட்டிய குதிரை லாயத்தின் சிதைவுகளும் நிற்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. லாடமும் தடுப்பூசியும் இல்லாமல் அவை பெருகி வாழ்வதைப் பார்த்து, வளர்ப்பு இலேசு என்று நினைத்துவிடக்கூடாது. மழை பொய்த்த ஆண்டுகளில் குளங்கள் வற்றிச் சாவதும் அதே குதிரைகள்தான்.

மன்னாரில் தெருவோரம் திரியும் கழுதைகள் குதிரையின் நெருங்கிய உறவு. வண்டியும் லொறியும் வந்த பின் கைவிடப்பட்ட அவற்றுக்காக பிரிட்ஜிங் லங்கா அமைப்பு அங்கு மருத்துவமும் கல்வியும் சேர்ந்த ஒரு கழுதை நிலையத்தைத் தொடங்கியது. அடிக்குளம்பைத் தூக்கிப் பார்க்கவும், காயத்தைக் கழுவவும் பழக விரும்பும் பிள்ளைக்கு நுவரெலியாச் சவாரியைவிட அது நல்ல பள்ளிக்கூடம்.

நுவரெலியாவுக்கே போவதானாலும், சவாரிக் காசைக் கொடுக்கும் முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குதிரையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். விலாவெலும்பை எண்ண முடிகிறதா? சேணத்தின் அடியிலும் வயிற்றுப்பட்டி உராயும் இடத்திலும் புண் இருக்கிறதா? நாலு காலையும் நிலத்தில் ஒரே மாதிரி ஊன்றுகிறதா, ஒன்றைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா? ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் அது 50 கிலோ. பிள்ளை ஏறலாம், படத்துக்காகப் பின்னால் வாப்பா ஏறக்கூடாது.